நெல்லுக்கும் தம்பிக்கும் ஒரே உப்பு

எண்பதுகளில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளையைப் பற்றியோ புடவையைப் பற்றியோ ஒருவரும் கவலைப்படவில்லை. வீடே கவலைப்பட்டது என் தம்பியின் நெஞ்சுச் சளியைப் பற்றித்தான். முகூர்த்தம் தை மாதம். எங்கள் பக்கத்தில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டும். இவனுக்கோ பனி விழ ஆரம்பித்தால் போதும், மூக்கு ஒழுகி, காதில் சீழ் வந்து, நெஞ்சு கர்கர்ரென்று இழுத்து, மார்கழியும் தையும் பாயோடு போய்விடும்.

அவன் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். அப்போது பதினாலு வயது. குட்டையான உருவம், சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். ஆடி மாதமே ஒத்திகையை ஆரம்பித்துவிட்டான். தலையணை, பம்புசெட் குழாய், கன்றுக்குட்டி என்று அகப்பட்டதற்கெல்லாம் வேப்பிலை மாலை விழுந்தது. கன்றுக்குட்டி மாலையைத் தின்றுவிட்டது.

அத்தை மட்டும், "எதுக்கு இந்தப் பேஜாரு? பெரியப்பன் மவன் இருக்கான்ல, அவன் போடட்டும்" என்றாள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. "என் தம்பி கூட்டிக்கினு வந்தாதான் நான் மணையில உக்காருவேன். இல்லன்னா நீயே போய் உக்காரு அத்தை" என்றேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

பேசிவிட்டேனே தவிர, மார்கழிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். அவனால் எழுந்து நிற்க முடியாமல் போய்விட்டால்? திண்டிவனத்தில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அப்பா, தம்பி, நான் மூவரும் வளவனூரிலிருந்து பஸ் ஏறினோம்.

டாக்டரம்மா தம்பியின் நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துப் பார்த்தார். தம்பி அவர் கழுத்தில் போட மாலை தேடினான். "இந்தப் புள்ளைங்களுக்கு நோயை எதிர்க்கிற சக்தி கம்மிங்க. ரத்தத்துல துத்தநாகமும் குறைவா இருக்குன்னு வெளிநாட்டுல எழுதறாங்க. ஜிங்க் சல்பேட் கொஞ்சமா குடுத்துப் பாக்கலாம். கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார்.

அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "ஜிங்க் சல்பேட்டா? அது நடவுக்கு முன்னாடி மணல்ல கலந்து வயல்ல தூவறதாச்சேங்க!"

டாக்டரம்மா சிரித்தார். "அதே உப்புதாங்க. ஆனா மருந்துக்குன்னு சுத்தம் பண்றது வேற, அளவு வேற."

அப்பாவின் காதில் "அதே உப்புதாங்க" வரைக்கும்தான் விழுந்திருக்கிறது. மறுநாள் காலையில் பார்க்கிறேன், சம்பா நடவுக்கு வாங்கி மீந்துபோன மூட்டையைப் பிரித்து, ஸ்பூனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தம்பி, ஆவென்று வாயைத் திறந்துகொண்டு!

"ஐயோ, அப்பா!" என்று கத்தியபடி பாய்ந்து ஸ்பூனைத் தட்டிவிட்டேன்.

"இன்னாடி குதிக்கிற? போன வருசம் செந்தாழை நோவுல செவந்து கெடந்த பயிரு, இந்த வருசம் இதப் போட்டதும் கரும்பச்சையா நிக்குது. நெல்லுக்கு ஆவறது புள்ளைக்கு ஆவாதா?"

"நெல்லுக்குச் சாணியுந்தான் போடற. அதையும் ஊட்டுவியா?"

அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். அன்றைக்கே விழுப்புரம் போய் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வந்தேன். மூட்டை ஜல்தியாக வயலுக்கே போய்ச் சேர்ந்தது.

ஆனால் அப்பாவுக்கு வைத்தியம் பிடிபட்டுவிட்டது. பயிரைப் பார்க்கிற மாதிரியே மகனைப் பார்க்க ஆரம்பித்தார். விடிந்ததும் தம்பியை வெயிலில் நிறுத்தி, காதை மடக்கி, நாக்கை நீட்டச் சொல்லி, நகத்தைத் திருப்பிப் பார்ப்பார். "நல்லா பச்சை புடிக்குது" என்பார். "தூர் கட்டுதுடி" என்பார். தம்பி வெட்கத்தில் நெளிவான். மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பிட்ட பிறகுதான் தரவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் தம்பி மாத்திரையைக் காட்டிக் காட்டியே இரண்டாம் தடவை இட்லி கேட்டு வாங்கித் தின்றான்.

மார்கழி வந்தது. சளியும் வந்தது. நான் சாமி படத்துக்கு முன்னால் நின்று சண்டையே போட்டேன். ஆனால் அந்தத் தடவை அது நெஞ்சில் இறங்கவில்லை, மூக்கோடு போய்விட்டது. "மாத்திரை கேட்டுச்சுங்களா?" என்று அப்பா டாக்டரம்மாவிடம் கேட்டார். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு புள்ளைய வச்சு எப்பிடிங்க சொல்றது?" என்றார் அவர். எனக்கு அந்தப் பதிலே போதுமாக இருந்தது. பையன் நிற்கிறான், அவ்வளவுதான்.

கல்யாணம் விழுப்புரத்தில். பட்டுச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு என்று தம்பி மண்டப வாசலில் ராஜா மாதிரி நின்றான். நான் சொன்னபடி உட்காராமல், மணைக்குப் பக்கத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை பனை உயரம். குனிந்தார். மாலை விழுந்தது. மண்டபமே கை தட்டியது. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். பாதி வழியில் மாப்பிள்ளை ஓங்கி ஒரு தும்மல் போட்டார். பின்னாலேயே இன்னொன்று. மூக்கு ஒழுகியது. தம்பி நின்றுவிட்டான். தோளில் இருந்த புதுத் துண்டை எடுத்து, எக்கி, அவர் மூக்கைப் பிடித்தான்.

"சிந்து, மாமா" என்றான். மேளம் நின்றுபோயிருந்தது. "இன்னும் பலமா."

அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் அந்த மனிதர், அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியிராத மனிதர், குனிந்து நின்று பலமாகச் சிந்தினார். "போதுமா மச்சான்?" என்று கேட்டார். நெற்றிச்சுட்டி நழுவி மூக்கில் விழ, நான் நின்ற இடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்தேன்.