முயல் தீவுக்குத் தெக்கே ஒரு புள்ளி

வளனுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும், ஓட்டமாய் வாசிக்க வராது. ஐம்பது வயது வரைக்கும் அதை வெளியே சொன்னதில்லை. கடலுக்குப் போகுமுன் போனில் காற்று எச்சரிக்கை வந்தால், "கண்ணு கூசுது" என்று மனைவி பிளாரன்ஸிடம் நீட்டிவிடுவார்.

நாட்டுப்படகுக்காரர்களுக்காக அந்தச் செயலியை எழுதிய பெனிஸ்டன் இதை இரண்டு தரம் பார்த்தான். மில்லர்புரத்துப் பையன், நாசரேத் பக்கத்துக் குடும்பம். மூன்றாவது வாரம் எல்லார் போனையும் வாங்கி எதையோ மாற்றிக் கொடுத்தான்; போன் பேச ஆரம்பித்துவிட்டது. அவன் சொந்தக் குரலிலேயே, "அண்ணாச்சி, இன்னைக்கு காத்து ஜாஸ்தி, கரையோரமாவே நில்லுங்க" என்றது. கடற்கரையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கை ஈரமா இருந்தா எப்படித் தொட்டுப் பாப்பீங்க? அதான் பேச வச்சேன்" என்றான் பெனிஸ்டன். வளன் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை.

அப்பேர்ப்பட்டவனைத்தான் வளன் ஒரு நாள் முழுக்கச் சந்தேகப்பட்டார்.

முயல் தீவுக்குத் தெக்கே அவருடைய அப்பா காட்டிக்கொடுத்த பார் ஒன்று உண்டு. கடலுக்கடியில் கிடக்கிற கல்மேடு. கரையில் இரண்டு அடையாளங்களை நேராகப் பிடித்துத்தான் அங்கே போய் நிற்க முடியும். விளமீன் நிற்கிற இடம். அவர் படகை நம்பிய மூன்று குடும்பத்துக்குச் சோறு. விசைப்படகுக்காரர் ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும், அவருடைய இழுவை மடி வலை ஒரே வாரத்தில் வழித்துத் துடைத்துவிடும். அதனால் கடற்கரையில் பாரை யாரும் மச்சினனுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். வடக்கே போகிறவர் "தெக்க போறேன்" என்பார். அந்தப் பொய்யை யாரும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லுவதும் இல்லை.

செயலியில் ஒரு பொத்தான் இருந்தது. மீன் பிடிக்கிற இடத்தில் அதை அமுக்கினால், அந்த இடத்துக் காற்றை மறுநாள் சொல்லும். "நீங்க சம்மதிக்காம அது உங்க போனை விட்டு வெளிய போகாது" என்று பெனிஸ்டன் வாக்குக் கொடுத்திருந்தான். வளன் தலையை ஆட்டிவிட்டு, முதல் வாரமே, பாருக்கு அரை மணி நேரம் முந்தி, மீன் நிற்காத வெறும் சேற்றுக்கு மேலே படகை நிறுத்தி அமுக்கினார்.

அப்புறம்தான் மீன்பிடிச் செயலிகளைப் பற்றிய அந்த மாநாடு வந்தது. ஊரிலேயே பெரிய ஓட்டல் அரங்கம். கடைசி அமர்வில் பெனிஸ்டனின் கம்பெனி பேசும்போது, மீன்பிடிக்கிறவர் ஒருத்தரும் மேடையில் இருக்க வேண்டும் என்றார்கள்.

"ஏசியில உக்கார வச்சு எல்லாத்தையும் கறந்துருவானுவ. வாயைத் தொறக்காதேயும்" என்று பிளாரன்ஸ் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

முதல் அமர்வில் ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். பெனிஸ்டன் குனிந்து குனிந்து அதைத் தமிழில் சொன்னான். போன் சட்டைப்பையில் கிடந்தாலே போதுமாம். சில செயலிகள் நாம் போன வழியையெல்லாம் குறித்துக்கொள்ளுமாம்.

வளன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சேற்றில் அமுக்கிய சாமர்த்தியம் என்ன ஆவது? அமுக்கின பிறகு பாருக்குப் போனபோது போன் பையில்தானே இருந்தது! மெல்ல அதை அணைத்தார். கைக்குட்டையில் சுற்றினார். அதுவும் போதாதென்று அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, முட்டை அடைகாக்கீங்களா?"

சிரித்த பெனிஸ்டனை வளன் ஏறிட்டுப் பார்த்தார். இவன் செயலியும் அப்படித்தானோ?

அடுத்த இரண்டு அமர்வுகளிலும் மேடையை அவர் பார்க்கவில்லை. பெனிஸ்டனைத்தான் பார்த்தார். அவன் எதையோ கணினியில் அடிப்பதும், அழிப்பதும், வாசல் பக்கம் பார்ப்பதுமாக இருந்தான். மத்தியானம் சாப்பாட்டுக்கு நிற்கையில் நாலு விசைப்படகு வைத்திருக்கிற தாணுலிங்கம் வந்து, அவன் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போனார். 'முயல் தீவு' என்ற வார்த்தை மட்டும் வளன் காதில் விழுந்தது. தாணுலிங்கம் இவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வளன் பிரியாணித் தட்டைக் கீழே வைத்தார். பையில் கிடந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அந்த ஆளு உங்கிட்ட என்ன கேட்டாரு?"

"நம்ம கம்பெனியில பங்கு சேரப் போறாரு. மத்ததை அப்புறம் சொல்லுதேன் அண்ணாச்சி."

அப்புறமா? இப்போது சொல்ல முடியாதது என்ன? மாதாவே, யாரை நம்பிக் கெட்டேன் என்று நெஞ்சுக்குள் புலம்பினார்.

கடைசி அமர்வில் பெரிய திரையில் கடல் விரிந்தது. சம்மதம் சொன்ன பதினெட்டுப் பேருடைய இடங்கள் சிவப்புப் புள்ளியாக மின்னின. மேடையில் உட்கார்ந்திருந்த வளன் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார். முயல் தீவுக்குத் தெக்கே புள்ளியும் இல்லை, போன வழியும் இல்லை. சேற்றில் அமுக்கிய பொய்ப் புள்ளிகூட இல்லை.

தாணுலிங்கம் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். "தெக்க மட்டும் வெறுமையா கெடக்கே தம்பி, அங்கன மீனுக்கெல்லாம் லீவா?"

கூட்டம் சிரித்தது. பெனிஸ்டன் எழுந்தான். "அது அவங்கவங்க வீட்டுச் சமாச்சாரம் அண்ணாச்சி. மத்தியானம் சொன்னதுதான் இப்பவும். யாரு போற வழியையும் நான் சேத்து வைக்கல. கேட்டாலும் எடுத்துக் குடுக்க மாட்டேன்."

முன்வரிசையில் கம்பெனி முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று.

வளனிடம் ஒலிவாங்கி வந்தது. "எனக்கு வாசிக்க வராது" என்றார். "இந்தப் பிள்ளைக்கு அது தெரியும். யார்ட்டயும் சொல்லல. அதனாலதான் போன் பேசுது." அவ்வளவையும் சொல்லிவிட்டு ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டே மாதத்தில், இனி வேலை இல்லை என்று கம்பெனி பெனிஸ்டனை அனுப்பிவிட்டது. கோயம்புத்தூரில் வேறு இடம் கிடைத்தது. புறப்படுகிற அன்று காலையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு வளன் பேருந்து நிலையத்துக்குப் போனார். அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. அவன் குரல் மட்டும் தினமும் கடலுக்கு வருகிறது.

அன்று பேருந்துக்குப் பக்கத்தில் நின்றுதான் வளன் சொன்னார். "தம்பி, அன்னைக்கு ஒன்னை ரொம்பச் சந்தேகப்பட்டுட்டேன். அது போக, நான் அமுக்குன இடமும்..." வளன் பொட்டலத்தை மேலே கொடுத்தார்.

பெனிஸ்டன் பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"வரைபடத்துல வெறும் சேறு. பேச வைக்கதுக்கு உங்க போனை வாங்குனேன்லா, அன்னைக்கே பாத்துட்டேன் அண்ணாச்சி. நெசமான இடத்தை என்கிட்டயும் சொல்லிராதீங்க."