ஆண்டியப்பனின் தோணிப் பத்திரம்

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில், தேயிலைத் தோட்டமொன்றில் நாற்பத்தாறு வயதுவரை செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வாழ்ந்த ஆண்டியப்பன், ஆற்றைக்கூடப் பாலத்தின்மேல் நின்றே பார்த்தவர். நீந்தத் தெரியாதவர். முருகனுக்கு நேர்ந்து மீன் தின்பதையும் விட்டவர். அத்தகையவர் 1964ஆம் ஆண்டு சித்திரையில் பழைய மீன்பிடித் தோணி ஒன்றை விலைக்கு வாங்கினார் என்றால், லயத்து வரிசைவீட்டார் சிரித்ததில் வியப்பில்லை. சிரிக்காதவர் அவர் மனைவி சண்முகவடிவு ஒருத்தியே.

அவர்களுடைய ஒரே மகள் நாகலெட்சுமி ஏழு வயதில் காய்ச்சலால் இறந்தாள். தோட்டத்தின் கீழ்க்கோடியில் இருந்த மயானமேட்டில் அவளைப் புதைத்தார்கள். ஆண்டுதோறும் மாசி மாதத்தில் அந்நாள் வரும்போது, இருவரும் அங்கே சென்று புல் செதுக்கி, பால் ஊற்றி, அகல் ஏற்றுவார்கள். எட்டு ஆண்டுகள் இது வழுவாது நடந்தது. ஒன்பதாம் ஆண்டில் பள்ளத்தாக்கின் வாயில் அணை எழுந்தது. நீர் ஏறி வயலை விழுங்கியது, பாதையை விழுங்கியது. மேட்டை மட்டும் விழுங்காமல் நடுவே தீவாக விட்டுவைத்தது. முற்றும் மூழ்கியிருந்தால் அழுது ஆறியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரிந்தும் கால் எட்டாத இடமாக அது நின்றதே அவர்களை வாட்டியது. அந்த மாசி நாளில் சண்முகவடிவு பால் சொம்புடன் கரையில் நின்றாள். பின் அதைத் தேயிலைத் தூரில் ஊற்றிவிட்டு வீடு வந்தாள். 

தோணி, அணை வேலைக்காரர்கள் நீராழம் பார்க்க நீர்கொழும்பிலிருந்து லொறியில் கொண்டுவந்தது. வேலை முடிந்ததும் பழைய இரும்புகளோடு சேர்ந்து ஹட்டன் வியாபாரி ஹுசைனிடம் வந்துவிட்டது. இரண்டு பலகைகள் விரிந்து, அணைநீர் தேங்கிய வாவியின் கரையிலேயே கவிழ்ந்து கிடந்தது.

“மலையில தோணி வாங்கற மொத ஆளு நீங்கதான் அண்ணே,” என்றார் ஹுசைன். “கொழுந்துக்கு வலை வீசப் போறீங்களா?”

“மகளைப் பாக்கப் போறேன், ஹுசைன் நானா.”

ஹுசைன் அதன்பின் கேலி பேசவில்லை. துடுப்பு இரண்டையும் சும்மா கொடுத்தார்.

வாவிக் காவற்காரர் சிவசாமிதான் முட்டுக்கட்டையை முதலில் சொன்னார். “ஒங்க பேர்ல பதிவு இல்லாத தோணி தண்ணியில எறங்குனா என் வேலை போயிரும் அண்ணே. நீங்க பதிவை மாத்திட்டு வாங்க, நானே தள்ளிவிடுறேன்.”

பதிவோ, அணைக்காரர்கள் மாற்றாததால், இன்னும் நீர்கொழும்பின் கிழமீனவர் ஒருவர் பெயரில் இருந்தது. மனைவி மக்கள் எவருமற்ற அவர் படுக்கையில் கிடந்தார். “மூச்சு இருக்கும்போதே கையெழுத்து வாங்கிருவோம், பத்திரத்தை மட்டும் எழுதிக் கொண்டாங்க,” என்று ஹுசைன் அவசரப்படுத்தினார். ஆண்டியப்பன் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினார். அங்கே அரசாங்கக் கச்சேரி மதிலோரம் மனு எழுதும் முத்துலிங்கம், தாளை விரித்து மையைத் தொட்டார்.

“சோலைமலை மகன் ஆண்டியப்பன். சரிங்களா?”

“ஊரைப் போடலீங்களே?”

“தோட்டத்துப் பேரு கீழ வரும்.”

“அது இருக்கற எடம். ஊரு வேணாமா? ஊரு இல்லாம எழுதுனா அனாதைப் பொணத்துக்கு எழுதுன மாதிரி இருக்குங்க.”

முத்துலிங்கம் தலையசைத்தார். அவருக்கும் அது முறையாகவே பட்டது. தோட்டத்துக் கலியாணப் பத்திரிகையானாலும் மாரியம்மன் திருவிழா நோட்டீசானாலும், அப்பன் கடல் கடந்து புறப்பட்ட ஊர் முன்னே வராமல் எவர் பெயரும் வந்ததில்லை. ஆகவே, ‘திருச்சிராப்பள்ளி ஜில்லா, துறையூர் தாலுகா, கரும்பாறைப்பட்டி கிராமம், சோலைமலை மகன் ஆண்டியப்பன்’ என்று குண்டு எழுத்தில் எழுதினார். லயத்துக் காம்பிரா அறையிலேயே பிறந்து, அந்தக் கிராமத்தைக் கனவிலும் கண்டிராத ஆண்டியப்பன், அவ்வரியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். தந்தையே வந்து அருகில் நிற்பதுபோல் அவர் முகம் மலர்ந்திருந்தது.

ஆண்டியப்பன் கைநாட்டு வைத்துக் கொடுத்த பத்திரத்தில் கிழவர் ஒப்பமிட்டார்; அது பதிவுக்குப் போயிற்று. ஆடி பிறக்குமுன் இறந்தும் போனார். மழைக்காலம் முழுவதும் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து, நாள் வேலை முடிந்து வந்தபின், ஆண்டியப்பன் தோணியின் பலகை இடுக்குகளில் தென்னை நாரை அடைத்துத் தார் பூசினார். சண்முகவடிவு அருகிருந்து தார்ச் சட்டியைக் கிளறினாள்.

மார்கழியில் பதிவலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. யாழ்ப்பாணத்து எழுத்தர் ஒருவர் இரண்டு தாள்களை மேசைமேல் அருகருகே வைத்தார்.

“தோணிப் பதிவு இஞ்ச இருக்கிற நிரந்தரவாசிக்குத்தான். உம்மட பிறப்புச் சீட்டில தோட்டம் எண்டு கிடக்கு. பத்திரத்தில இந்தியா எண்டு கிடக்கு. கீழ நீர்தான் கைநாட்டு வச்சிருக்கிறீர்.”

“அது எங்க அப்பா ஊருங்க ஐயா. நான் பாத்ததே இல்லை.”

“பாக்காத ஊரை ஏன் எழுதுவிச்சனீர்?”

ஆண்டியப்பன் அந்தக் குண்டு எழுத்து வரியை விரலால் தடவினார். 

“ஊரை எடுத்துப்போட்டு வித்தவரிட்ட வேற பத்திரம் வாங்கி வாரும். நான் அண்டைக்கே பதிஞ்சு தாறன்,” என்றார் எழுத்தர். அவர் இரக்கமற்றவர் அல்லர்.

“அவரு செத்துட்டாருங்க ஐயா.”

“உரித்தாளி?”

“ஒருத்தருமில்ல.”

எழுத்தர் பேனாவை மூடினார். செய்தி கேட்ட ஹுசைன், “என் பேர்லயாச்சும் மாத்தலாம்னா, கையெழுத்துப் போட்ட கை மண்ணுக்குள்ள போயிருச்சே,” என்று தலையில் கை வைத்தார்.

மாசி நாள் வந்தது. நடுப்பகலில் இருவரும் கரைக்குச் சென்றார்கள். சிவசாமி எதிரே வந்து, தரையைப் பார்த்தபடி, “அண்ணி, நான் என்ன செய்வேன் சொல்லுங்க,” என்றார்.

“ஒங்களை யாரு என்ன சொன்னா? இதை நிமித்த மட்டும் ஒரு கை குடுங்க,” என்றாள் சண்முகவடிவு.

மூவருமாகத் தோணியை நிமிர்த்தினார்கள். நீர் விளிம்புக்கு நாலடி இப்பால், புல்லின்மேல் அது நின்றது. சண்முகவடிவு சேலையைச் செருகிக்கொண்டு ஏறி, மேட்டைப் பார்த்து அமர்ந்தாள். ஆண்டியப்பன் பின்னால் அமர்ந்து, வேறு செய்வதறியாது துடுப்பை மடிமேல் வைத்துக்கொண்டார். அவள் முனையில் அகலை ஏற்றிக் காற்றுக்குக் கை மறைத்தாள். பாலை ஊற்றவில்லை; சொம்போடு மடியில் வைத்திருந்தாள். எதிரே மேட்டில் எட்டடிப் புல் அசைந்தது.

“அந்த ஊரைப் போடச் சொன்னது நான்தான்,” என்றார் ஆண்டியப்பன்.

“தெரியும்.”

அவள் பலகை இடுக்கைப் பார்த்துக் கேட்டாள்: “தார் பூசுனமே, ஒழுகாதில்ல?”

“ஒழுகாது.”

“தள்ளிவிட்டா அதுவரைக்கும் போயிருமா?”

“போயிரும்.”

“அப்பச் சரி,” என்றாள். பால் சொம்பை இன்னும் சற்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.