‘இண்டைக்கோ ரீச்சர்?’

மூன்று வருடங்களுக்கு முன்பு, சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற ஆடி மாதத்து நாள் ஒன்றில், இலுப்பைக்கடவைப் பக்கத்து விளையாட்டு மைதானம் ஒன்றில் இது நடந்தது. அன்றைக்கு நான் பட்ட பயத்தை இன்னும் மறக்கவில்லை.

மன்னாரில் கல்லூரி ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். கூடவே பெண்கள் கரப்பந்தாட்ட அணிக்கும் நான்தான் பொறுப்பு. மாவட்டத்தில் எங்களை வெல்ல ஆளில்லாமல் இருந்த காலம் அது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

வெல்கிற அணிக்கு ஒரு தலையிடி உண்டு. அணியில் பன்னிரண்டு பிள்ளைகள். களத்தில் ஆறு பேர்தான். மிச்ச ஆறு பேரும் கோட்டுக்கு வெளியே நீட்டு வாங்கில் இருந்து கைதட்ட வேண்டும். தோற்கிற அணியென்றால் ஆளை மாற்றிப் பார்ப்பார்கள். நன்றாக ஓடுகிற வண்டியில் யார் கைவைப்பார்? முந்தின வருடம் இருந்து இருந்து அலுத்துப்போய் இரண்டு பிள்ளைகள் விலகிவிட்டார்கள். அதில் ஒருத்தியின் தாய் பாடசாலைக்கே வந்து, “என்ர பிள்ளை தண்ணிப் போத்தல் தூக்கவோ உங்களிட்ட வாறவள்?” என்று அதிபருக்கு முன்னால் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு, வாங்கில் இருக்கிற பிள்ளைகளைச் சந்தோசமாக வைத்திருப்பதை ஒரு வேலையாகவே எடுத்துச் செய்தேன். பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி உடுப்பு. முஸ்லிம் பிள்ளைகள் தனித்துத் தெரியக் கூடாது என்று எல்லோருக்கும் முழுக் காற்சட்டையும் நீட்டுக் கையும். போட்டி நாளில் எல்லோருக்கும் ஒரு பிஸ்கட் பைக்கற்று, ஒரு வாழைப்பழம், ஒரு தண்ணீர்ப் போத்தல். படம் எடுத்தால் வாங்குப் பிள்ளைகள் முன் வரிசையில். எதிரணியில் யார் எந்தப் பக்கம் பந்தை விடுகிறாள் என்று கவனித்துச் சொல்வதும் அவர்கள் வேலை. இத்தனையும் செய்தபிறகு சிணுங்கல் குறைந்தது. என்னைப் போல ஒரு கெட்டிக்காரி இல்லையென்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி, மன்னார்த் தீவுக்குள்ளேயே இருக்கிற தாராபுரத்துப் பிள்ளை. பதினேழு வயது. தகப்பன் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகத் துணி கொண்டுபோய் விற்கிறவர். இரண்டு வருடமாக அணியில் இருந்தும், “எப்ப ரீச்சர் என்னை இறக்குவீங்க?” என்று ஒரு நாளும் கேட்காதவள். அவள் கைதட்டினால் அடுத்த மைதானத்துக்கும் கேட்கும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிற மற்றப் பிள்ளைகளிடம், “அவளைப் பாருங்கோடி, ஒரு நாளாவது குறை சொல்லியிருக்கிறாளோ?” என்று நானே பலதரம் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குக் காலை ஏழு மணிக்கே மன்னாரில் இருந்து வானில் புறப்பட்டோம். பத்து மணிக்கு முதல் ஆட்டம். அதை வென்று, இறுதி ஆட்டம் பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகுதான் தொடங்கியது. நிழல் என்று சொல்ல ஒரு தகரக் கொட்டகை மட்டும். காற்று அனலாக அடித்தது. வாய்க்குள் எல்லாம் மண். ஐந்து சுற்று ஆட்டத்தில் முதல் இரண்டையும் வென்றுவிட்டோம். மூன்றாம் சுற்றிலும் பத்தொன்பதுக்கு ஒன்பது என்று முன்னால் நின்றோம். இனி ஆளை மாற்றினாலும் வெற்றி கையை விட்டுப் போகாது.

எனக்கு அந்த நேரம் ஒரு பெரிய மனது வந்தது. காலையில் இருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் முதுகில் தட்டி, “எழும்பு, நீ இறங்கு” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் இரண்டும் விரிந்து போயிருந்தன.

“இண்டைக்கோ ரீச்சர்?”

சந்தோசத்தில் கேட்கிறாள் என்று நினைத்தேன். “பின்னை நாளைக்கோ? பயப்பிடாதை, போ பிள்ளை” என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டேன். அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு தலைத்துணியை இறுக்கிக்கொண்டு ஓடினாள்.

என்ன ஆட்டம் அது! அவள் பின்கோட்டில் நின்று அடித்த முதல் மூன்று சேர்விசையும் எதிரணியால் எடுக்கவே முடியவில்லை. இரண்டு வருடம் இந்தக் கையையா வாங்கில் வைத்திருந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. நான்காவது சேர்விசுக்குப் பந்து திரும்பி வந்தது. நீண்ட நேரம் இங்கும் அங்கும் போனது. ஒரு தரம் மண்ணில் விழுந்து பந்தை எடுத்தாள். எழும்பினாள். அடுத்த பந்தைத் துள்ளி ஓங்கி அடித்தாள். அடித்தவள் நிலத்துக்கு வந்தபோது கால்கள் அவளைத் தாங்கவில்லை. அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். தலை கட்டாந்தரையில் அடிபட்ட சத்தம் எனக்கு வாங்கடியில் கேட்டது.

ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஆனால் ஒரு சொட்டு வியர்வை இல்லை. உதடு வெடித்து வெளிறியிருந்தது. கண் பாதி திறந்திருந்தும் பார்வை என்னிடம் இல்லை. “பிள்ளை, பிள்ளை” என்று கன்னத்தில் தட்டினேன்.  வானை எடுக்கச் சொல்லிக் கத்தினேன். 

வானில் ஏற்றிப் பக்கத்தில் இருந்த சின்ன ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம். நானும் அணித் தலைவியும் மட்டும் உள்ளே போனோம். இளம் வைத்தியர் ஒருவர். கட்டிலில் கிடத்தியதுமே ஊசி ஏற்றிக்கொண்டு கேட்டார்.

“பிள்ளை கடைசியா எப்ப சாப்பிட்டவ?”

“பத்து மணிக்குப் பிஸ்கட்டும் வாழைப்பழமும் குடுத்தனான் டொக்டர்” என்று உடனே சொன்னேன். அந்த விசயத்தில்தான் நான் புலியாயிற்றே.

“தண்ணி?”

“ஒரு போத்தல் குடுத்தனான்.”

அவர் நாடியில் இருந்து கையை எடுக்காமல், “நீங்கள் குடுத்தது சரி. இவ சாப்பிட்டவவோ?” என்றார்.

நான் தலைவியைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டே அந்தப் பிள்ளையின் பையைத் திறந்தாள். பிஸ்கட் பைக்கற்று உடைக்காமல் இருந்தது. வாழைப்பழம் வெயிலில் கறுத்துப்போய் இருந்தது. தண்ணீர்ப் போத்தலின் மூடி திறக்கப்படவே இல்லை.

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். தாய்தான் எடுத்தார். பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள், ஆசுபத்திரியில் இருக்கிறோம், ஒன்றும் சாப்பிடவில்லைப் போல இருக்கிறது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். 

“புள்ள நோன்பு ரீச்சர்” என்றார். “றமழான்ல விடுபட்ட நோன்ப அடைக்கிறா. விடியமுந்திச் சஹருக்கும் ஒழுங்காச் சாப்பிடல்ல. இண்டைக்கு மட்ச் இருக்கே, வேணாம் மகள் எண்டு சொன்னனான். ‘பயிற்சி நாள்லதான் உம்மா ஓடணும். மட்ச் நாள்ல நான் சும்மா வாங்குல இருக்கிறதுதானே, ஒரு களைப்பும் வராது’ எண்டு சொல்லிட்டு வந்தா.”

அந்த அம்மா என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார். எனக்கோ செவிட்டில் அறைந்தது போல இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் போட்டி நாளை எண்ணிக்கொண்டு இருக்க, இந்தப் பிள்ளை அதைத் தன் ஓய்வு நாளாகக் குறித்து வைத்திருக்கிறாள். என் அணியில் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பதில் அவளுக்கு அவ்வளவு உறுதி.

விடுபட்ட நோன்பைப் பிறகு பிடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. நான் கத்தோலிக்கப் பெண் என்றாலும் உப்புக்குளத்தில் முஸ்லிம் சனத்தோடு சனமாக வளர்ந்தவள். ரமழான் மாதத்தில் பயிற்சி நேரத்தையே மாற்றி வைப்பேன். மற்ற மாதங்களில் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இரத்தத்தில் சீனி நன்றாக இறங்கிவிட்டது, உடம்பில் நீரும் இல்லை, தலை அடிபட்டதால் இங்கே வைத்திருக்க முடியாது, மன்னாருக்கு அனுப்ப வேண்டும் என்றார் வைத்தியர். அம்புலன்சில் நான் அவள் பக்கத்தில் இருந்தேன். சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு தரம் வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தாள். தலை அடிபட்டவர்கள் சத்தி எடுத்தால் நல்லதில்லை என்று எங்கோ கேட்டது ஞாபகம் வந்தது. கூட வந்த தாதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் முகம் மாறினால் என் உயிர் போய்விடும் போல இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் கொஞ்ச நேரம் நான் என்னை நினைத்தும் பயந்தேன். நோன்பு பிடித்த பிள்ளையை வேதக்கார ரீச்சர் வெயிலில் ஓடவிட்டு விழுத்திப்போட்டா என்று ஊரில் கதை வராதோ? எங்கள் தீவில் கதைக்குக் கைகால் முளைக்க அரை மணி நேரம் போதும். அவள் மூச்சுக்குத் திணறிய ஒரு கணத்தில்தான் அந்த நினைப்பெல்லாம் கழன்று போனது. கைப்பைக்குள் இருந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்காக நான் என் செபத்தைச் சொல்லலாமோ என்று ஒரு யோசனை வந்தது. யார் கேட்டாலும் கேட்கட்டும், பிள்ளை பிழைத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மன்னார்ப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது. தினமும் பார்க்கிற கடல்தான். அன்றைக்கு அதன் அகலம் முடியவே மாட்டேனென்று நின்றது.

பெரிய ஆசுபத்திரி வாசலில் தகப்பன் நின்றார். துணி மூட்டை மோட்டார் சைக்கிளில் கட்டியபடியே இருந்தது. பிள்ளையை உள்ளே கொண்டுபோன பிறகு என்னிடம் வந்தார். ஏச்சு விழப் போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

அவர் மெதுவாகக் கேட்டார். “ரீச்சர், மெய்யாவே புள்ளய எறக்கினீங்களா?”

கோபமே இல்லை அந்தக் குரலில். நம்ப முடியாத ஒரு ஆச்சரியம்தான் இருந்தது. மகள் ஒரு நாளும் இறங்குவதில்லை என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் காலையில் எழுப்பி, உடுப்பை மினுக்கிக் கொடுத்து, வழியனுப்பியிருக்கிறார்கள். “ஓம்” என்று சொன்னேன். சொல்லிவிட்டு அந்த மனிதருக்கு முன்னால் நின்று அழுதேன்.

படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தலைக்குள் ஒன்றுமில்லை, பயப்படத் தேவையில்லை என்று சொன்னார்கள். பொழுதுபட்டு மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்கிற நேரம் அவள் நன்றாகக் கண் விழித்தாள். தாய் கரண்டியால் தண்ணீர் பருக்கினார். இரண்டு கரண்டி குடித்த பிறகு என்னைக் கண்டாள்.

“ரீச்சர், கடைசியா நான் அடிச்ச பந்து உள்ளுக்கா, வெளியிலயா?”

எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பந்து எங்கே போனது என்று நான் பார்க்கவே இல்லை. “உள்ளுக்குத்தான்” என்று பொய் சொன்னேன். பிறகு, “நோன்பு எண்டு ஏன் என்னட்டைச் சொல்லேல்ல?” என்று கேட்டேன்.

“கேட்டனான்தானே ரீச்சர், இண்டைக்கோ எண்டு” என்றாள். இன்னொரு கரண்டி தண்ணீர் குடித்துவிட்டு, “நோன்பு எண்டு சொன்னா திரும்ப இருத்திப்போடுவீங்க. பிறகு எப்ப கூப்பிடுவீங்களோ எண்டு பயமா இருந்திச்சு” என்றாள்.

அவள் ஒரு வாரத்தில் பயிற்சிக்குத் திரும்பி வந்தாள். தலைவி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “ரீச்சர், அது வெளியில போன பந்தாம்” என்று அந்தப் பிள்ளை எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேலி செய்தாள். அந்த வருடம் மீதிப் போட்டிகளில் அவள் பாதிக்கு மேல் களத்தில்தான் நின்றாள். அதனால் ஒரு ஆட்டத்தில் தோற்றும் போனோம். அதிபர் முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போதும் போட்டி நாளில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் கொடுக்கிறேன். கொடுத்துவிட்டு அவர்களோடு இருந்து நானும் சாப்பிடுகிறேன். புறப்படுவதற்கு முதல் நாள் பன்னிரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, “நாளைக்கு உன்னை இறக்குவன், ஏலுமோ?” என்று கேட்கிறேன். கேட்ட பிறகு, ஐந்து நிமிடத்துக்காவது இறக்காமல் விடுவதில்லை. ஏன் என்னை இறக்கவில்லை என்று சண்டைக்கு வருகிற பிள்ளையைப் பற்றி எனக்கு இப்போது கவலையே இல்லை. ஒன்றும் கேட்காமல் சிரித்த முகத்தோடு வாங்கில் இருந்து கைதட்டுகிற பிள்ளையைக் கண்டால்தான் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.