நின்றபடியே படித்த வேதியியல்

கண்ணாடியில் புருவப் பென்சிலால் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதிவிட்டு, வாசலுக்குப் போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, திரும்பி வந்து மீதியை எழுதி, எழுதியது பிடிக்காமல் முழங்கையால் அழித்தாள் அக்கா. தலை முழுக்க மருந்தைப் பூசிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு, மூக்கு தெரியவேண்டிய இடத்தில் ஓர் அம்புக்குறிதான் தெரிந்தது. "கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, ஆக்சிஜன் உங்க கன்னத்து மேல நிக்குது" என்றாள் அக்கா. அந்தப் பெண்ணும் பேசாமல் தள்ளி உட்கார்ந்தாள். இந்தக் கடைக்கு வருகிறவர்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பம்பரம் என்று கேட்டுப் பாருங்கள், மூன்று பேர் வழி சொல்வார்கள், நான்காவது ஆள் கூடவே வந்து கடை வாசலில் விட்டுவிட்டுப் போவார். வயது நாற்பத்தாறு. பெண்களுக்கான முடி அலங்காரக் கடை. இரண்டே நாற்காலி, ஒன்று அக்காவுக்கு, மற்றது அவள் கணவரின் தங்கைக்கு. அக்கா உட்காரட்டும் என்று கணவர் ஒரு முக்காலி வாங்கிப் போட்டார். பத்து வருடமாக அதன்மேல் துண்டுகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. காலையில் வாங்கிய டீ மத்தியானம் சீப்புகளுக்கு நடுவில் ஆடை படிந்து கிடக்கும். சாப்பாடும் நின்றபடிதான், அதுவும் ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் யாருடைய முன்முடியையாவது வெட்டிவிட்டு வருவாள்.

போன வருடம் ஒரு விதி வந்தது. தலைமுடியில் மருந்து போடுகிறவர்கள் எல்லாரும் அடிப்படை வேதியியலில் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். அணு, பிணைப்பு, வேதிவினை, அமிலம், காரம். மூன்று வாய்ப்பு. மூன்றாவதிலும் தவறினால் கத்தரியும் சீப்பும் மட்டும்தான், சாயக் கிண்ணத்தைத் தொடக்கூடாது. இருபத்திரண்டு வருடமாகச் சுருள் முடியை நீட்டியும், நேர் முடியைச் சுருட்டியும், வெள்ளையைக் கறுப்பாக்கியும் பிழைத்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். "இத்தனை வருஷமா நான் பண்ணினது வேதியியல் இல்லாம பின்ன என்ன, தாயக்கட்டை ஆட்டமா?" என்று இரண்டு நாள் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் புத்தகம் வாங்கிவிட்டாள்.

பாடம் அவளுக்கு வராமல் இல்லை. வந்தது, ஆனால் அவள் வழியில் வந்தது. அயனிப் பிணைப்பு என்றால் ஒரு அணு எலக்ட்ரானைக் கொடுத்துவிடும், இன்னொன்று எடுத்துக்கொள்ளும், அந்தக் கொடுக்கல் வாங்கலிலேயே இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று புத்தகம் சொன்னது. "நம்ம வீட்டுக் கதைதான். என் நல்ல சீப்பை இவ எடுத்துக்கிட்டா, திருப்பித் தரலை. சீப்பு அங்க இருக்கறதால நானும் அவ நாற்காலிப் பக்கமே சுத்திக்கிட்டு இருக்கேன்" என்று நாத்தனாரைக் காட்டுவாள். சகப்பிணைப்பு என்றால் முடி உலர்த்தும் மெஷின். கடையில் இருப்பது ஒன்றுதான். இரண்டு நாற்காலிக்கும் பொது, இரண்டு பேரும் விடுவதாக இல்லை. முதல் தேர்வில் இந்த மெஷின் கதையை அப்படியே விடைத்தாளில் எழுதிவைத்தாள். திருத்தியவர் நல்ல மனிதராக இருக்கவேண்டும், அரை மதிப்பெண் போட்டிருந்தார்.

முடியைப் பற்றிய பாடத்தை மட்டும் அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. ஒவ்வொரு முடிக்குள்ளும் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கின்றன. முதல் மருந்து அந்தக் கைகளைப் பிரிக்கும். அந்த நேரத்தில் முடியை எப்படி வளைத்தாலும் கேட்கும். இரண்டாவது மருந்து போட்டதும் புது இடத்தில் மறுபடி கைகோத்துக்கொள்ளும். இதைப் படித்த அன்று அக்கா கடைக்குள் நாலு நடை நடந்தாள். "இதைத்தானே என் விரல் இத்தனை நாளா பண்ணிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்றாள். அடுத்த நிமிடம் குழாயடியில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.

பிறகு எப்படித் தோற்றாள் என்று கேட்பீர்கள். உட்காராமல் தோற்றாள். மூன்று மணி நேரத் தேர்வு. முதல் தடவை நாற்பதாவது நிமிடத்தில் விடைத்தாளை நீட்டிவிட்டு வெளியே வந்தாள். இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி பத்து நிமிடம். இரண்டு தடவையும் மனசுக்குள் எல்லாம் எழுதியாகிவிட்டது போல் ஒரு துடிப்பு, காலில் எறும்பு ஊறுவது போல் ஓர் அவஸ்தை. அவளோடு முதல் தடவை எழுதிய நாத்தனார் மணி அடிக்கும்வரை அசையாமல் இருந்து, தெரிந்ததையும் தெரியாததையும் எழுதி, அப்போதே தேறிவிட்டாள். "எனக்கு உங்க அளவுக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி. நான் உக்காந்தேன், அவ்வளவுதான்" என்பாள்.

வினையூக்கி என்ற பாடம் வந்தபோது இரண்டு பேருக்கும் ஒரு வாரத்துக்குச் சிரிப்பு. தான் மாறாமல், அடுத்ததை மட்டும் அவசரப்படுத்துகிற பொருள் என்று நாத்தனார் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "பாக்காத. என்னைத்தான் எழுதியிருக்கான்" என்றாள் அக்கா.

அந்தச் சிரிப்பு நின்றது ஒரு மத்தியானத்தில்.

தபால் அலுவலகத்தில் பார்சல் வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் அம்மா, பன்னிரண்டு வருட வாடிக்கை. இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. வேறு யார் கையையும் தலையில் வைக்க விடமாட்டார். அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் வந்தார், முடியின் நிறத்தை இரண்டு படி வெளுக்க வேண்டும் என்றார், ஒன்றரை மணிக்கு ஜன்னலைத் திறந்தாக வேண்டும் என்றார். "நடுவுல வேற ஏதாவது போட்டீங்களா?" என்று அக்கா கேட்டாள். "இல்லையே" என்றார் அவர். ஊருக்குப் போயிருந்தபோது நரையை மறைக்க யாரோ கொடுத்த மலிவான கறுப்புச் சாயத்தைப் பூசியிருந்தார், அதைச் சொல்ல வெட்கம்.

இப்படிப்பட்ட நேரத்தில் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஓர் இணுக்கு முடியை வெட்டி, நிறத்தை வெளுக்கும் பெராக்சைடுக் கிண்ணத்தில் போட்டு, அரை மணி நேரம் பார்க்க வேண்டும். அரை மணி நேரம். அக்கா முடியை விரலில் உருட்டிப் பார்த்தாள். "சுத்தமா இருக்கு" என்றாள். மருந்தைக் கலந்து பூசிவிட்டாள். ஐந்தாவது நிமிடம் அந்த அம்மா, "தலை சுடுதே" என்றார். ஆறாவது நிமிடம் மருந்து நுரைத்துக்கொண்டு பொங்கியது, ஆவி கிளம்பியது. அக்கா அவரைத் தள்ளாத குறையாகக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்தாள். பின்னந்தலை முடி கொத்துக் கொத்தாக அவள் கையோடு வந்தது.

அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைப் பார்த்தபடி, "நான்தான் சொல்லாம விட்டுட்டேன். விடுங்க" என்றார். நாத்தனார் கொடுத்த நீலத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, ஒன்றரை மணிக்கு ஜன்னலைத் திறக்கப் போய்விட்டார். அக்கா கையில் ஒட்டியிருந்த முடியைக் கழுவவும் தோன்றாமல் நின்றாள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் தயங்கித் தயங்கி ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். அக்கா இரண்டாவது தடவை எழுதிய தேர்வின் வினாத்தாள். அதன் கடைசிப் பக்கம், அக்கா திருப்பியே பார்க்காத பக்கம். செம்பு உப்பு கலந்த மலிவான கறுப்புச் சாயம் பூசிய முடியில் பெராக்சைடு பட்டால் என்ன நடக்கும், சமன்பாடு எழுதி விளக்குக, ஆறு மதிப்பெண். அக்கா அதை மூன்று தடவை படித்தாள். "அன்னிக்கு நான் உக்காந்திருந்தா இதைப் படிச்சிருப்பேன். தெரியாட்டியும் வீட்டுக்கு வந்து உன்கிட்ட கேட்டிருப்பேன்" என்றாள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கடையைக் கூட்ட ஆரம்பித்தாள். ஏற்கெனவே கூட்டிய கடை அது.

அதற்குப் பிறகு கண்ணாடியில் ஏறியது ஒரே சமன்பாடுதான். 2H₂O₂ → 2H₂O + O₂. இரண்டு பெராக்சைடு உடைந்தால் இரண்டு தண்ணீர், ஓர் ஆக்சிஜன், கூடவே வெப்பம். தானாக உடையட்டும் என்று விட்டால் மெதுவாக உடையும். செம்பு பக்கத்தில் வந்து நின்றால் போதும், ஒரே நேரத்தில் எல்லாம் உடையும், அத்தனை சூடும் ஒரு தலைமேல் இறங்கும். அக்கா அதை எழுதுவாள், அழிப்பாள், வாசல்வரை போவாள், வருவாள், எழுதுவாள். தேறுவதற்காகப் படித்தவள் இப்போது அந்த ஆறு நிமிடங்களைத் தெரிந்துகொள்ளப் படித்தாள். வாடிக்கையாளர்களிடம் கேட்கும் கேள்விகளும் கூடிவிட்டன. முடி வெட்ட வந்த சின்னப் பெண்ணிடம்கூட, "உங்க வீட்டுத் தண்ணில இரும்பு இருக்கா?" என்று கேட்டாள். தபால் அலுவலகம் இருக்கும் தெருவில் மட்டும் கால் வைக்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போகவேண்டுமென்றால் மூன்று தெரு சுற்றிப் போனாள்.

உட்காரவும் பழகிப் பார்த்தார்கள். முக்காலியில் இருந்த துண்டுகளை இறக்கிவிட்டு அக்காவை ஏற்றி, எதிரே கடிகாரத்தை வைத்தாள் நாத்தனார். முதல் நாள் முப்பத்தைந்து நிமிடம். இரண்டாம் நாள் ஐம்பது. அதற்கப்புறம் குழாய் சொட்டுகிறது, பால் பொங்குகிறது, யாரோ கூப்பிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஐம்பதைத் தாண்டவே இல்லை. தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "எல்லாம் தெரியுது. தெரிஞ்சே தோத்துடுவேன் போல இருக்கு" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை, பயந்து போயிருந்தாள். அவள் பயந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

மூன்றாவது தேர்வு மத்தியானம் இரண்டு மணிக்கு. நல்ல வெயில். தேர்வு நடக்கும் பள்ளிக்கூடம், சுற்றிச் சுற்றித் தப்பித்துவந்த அந்தத் தபால் அலுவலகத்துக்கு நேர் எதிரே. ஒன்றே முக்காலுக்கு அக்கா பள்ளிக்கூட வாசலில் நின்றாள். வெயிலில் பளபளத்த தார்ச்சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாலையைக் கடந்து தபால் அலுவலகத்துக்குள் போனாள். பார்சல் ஜன்னலில் நாலு பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றாள். யாரையும் முந்தவில்லை. கால் மாற்றி மாற்றி நின்றாள், அவ்வளவுதான்.

அவள் முறை வந்தது. உள்ளே நீலத் துணி நிமிர்ந்து பார்த்தது.

அக்கா குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றி, ஒன்றாகச் சேர்த்து, ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினாள்.

"இதை எங்க அனுப்பணும்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"எங்கயும் வேணாம். அஞ்சு மணி வரைக்கும் இங்கயே இருக்கட்டும். எதிர்ல எனக்குப் பரீட்சை. ரெண்டு தடவை பாதியில எழுந்து வந்துட்டேன். இது இல்லாம இந்த ரோட்டுல காலை வச்சு வீட்டுக்குப் போக முடியாது. நடுவுல வந்து கேட்டா குடுக்காதீங்க."

"உங்க நாத்தனார்கிட்ட குடுத்திருக்கலாமே."

"அவளை ஒரு அதட்டு அதட்டி வாங்கிடுவேன். உங்ககிட்ட என்னால அதட்டிக் கேக்க முடியாது." அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லாம விட்டதுனால இல்லம்மா. அரை மணி நேரம் நான் காத்திருக்கணும். காத்திருக்கல. தப்பு என்னோடதுதான்."

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். அந்த அம்மா செருப்பை வாங்கிப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, முடிச்சை இறுக்கினார். ஒரு சீட்டில் ஐந்து மணி என்று எழுதி, முத்திரை குத்தி, பாதியைக் கிழித்து நீட்டினார். "இது அஞ்சு மணிக்குத்தான் செல்லும்" என்றார்.

அக்கா அந்தச் சீட்டை மடித்துப் பேனாப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு கொதிக்கும் சாலையில் இறங்கினாள்.