பங்குதாரர் பேசிய மூன்று நிமிடம்

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் செயலாளர் பிரிவில் வேலை பார்க்கிறேன். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி. பங்குதாரர்களின் கடிதங்களுக்குப் பதில் தயாரிப்பது என் பொறுப்பு. முகவரி மாற்றம், வாரிசு பெயர் என்றுதான் பெரும்பாலும் வரும். ஒரு வருடம் ஆம்பூரிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்தார்.

எங்கள் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் சத்தத்திலேயே காது மந்தமாகிப் போனவர். உரக்கப் பேச வேண்டியிருந்தது. சில மாதங்களுக்கு முன் எங்கள் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி, விஷவாயு தாக்கி இறந்தவர் அவருடைய தம்பி.

"தொழிலாளிங்களுக்குன்னு பங்கு ஒதுக்குனப்ப நானும் வாங்கினேன். அப்ப நானும் ஓனர்தானேமா? தொட்டிக்குள்ள இனிமே ஆள் எறங்கக் கூடாதுன்னு பொதுக்கூட்டத்துல ஒரு தீர்மானம் வைக்கணும்."

பழைய தொழிலாளிகளின் கையெழுத்துகளும் கொண்டுவந்திருந்தார். ஆனால் வாக்குரிமையில் பத்தில் ஒரு பங்கு உள்ளவர்கள் சேர்ந்து கேட்டால்தான் சட்டப்படி தீர்மானத்தை ஏற்க வேண்டும். அவர்கள் அத்தனை பேரும் சேர்ந்தும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. மறுப்புக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்.

அவர் விடவில்லை. எப்படி வாக்களிக்கலாம் என்று பெரிய முதலீட்டாளர்களுக்கு ஆலோசனை சொல்லும் மும்பை நிறுவனம் ஒன்றுக்கு எழுதினார். தொழிற்சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் இயக்குநரின் மறுநியமனம் அந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வர இருந்தது. அவரை எதிர்த்து வாக்களிக்கும்படி அந்த நிறுவனம் அறிக்கை கொடுத்தது. விதிப்படி அது எங்களுக்கும் வந்தது. நாங்கள் சொல்லும் பதிலையும் அவர்கள் முதலீட்டாளர்களுக்கு அனுப்ப வேண்டும்.

நான் எழுதிய பதிலை மேலதிகாரி பார்த்தார். "இன்னாமா இது, சாவுன்னு போட்டிருக்கே? சம்பவம்னு மாத்து."

மாற்றினேன்.

கூட்டம் காணொளியில் நடந்தது. ஒருவருக்கு மூன்று நிமிடம். ஒலியைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கையில் ஒரு தாளோடு மேஸ்திரி திரையில் வந்தார். தலைவருக்கு வணக்கம் சொல்லி, எந்தெந்தப் பிரிவில் எத்தனை வருடம் வேலை செய்தார் என்று நிதானமாகப் படித்தார். தம்பி விஷயத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

"டைம் ஆச்சு, கட் பண்ணு," என்றார் மேலதிகாரி.

மூடினேன். தலைவர் நன்றி சொல்லி அடுத்தவரை அழைத்தது அவருக்குக் கேட்கவில்லை. திரையின் ஓரத்தில், விரலால் வரியைத் தொட்டபடி படித்துக்கொண்டே போனார். பக்கம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கைகூப்பினார்.

முதலீட்டாளர்கள் சிலர் எதிர்த்து வாக்களித்தார்கள். முதலாளி குடும்பத்தின் கையில்தான் பெரும்பான்மை. இயக்குநர் மீண்டும் வந்தார்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி போன் செய்தார். "எல்லாருக்கும் கேட்டுச்சாமா?"

"கேட்டுச்சுண்ணே," என்றேன் உரக்க.

"தம்பி பேரைச் சொன்னனே, அது?"

"அதுவும் கேட்டுச்சு."

 "அது போதும்மா, வச்சிட்றேன்," என்றார்.

பங்குதாரர் ஒருவர் பாதுகாப்பு குறித்துக் கருத்துத் தெரிவித்தார் என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன். தொட்டியைச் சுத்தம் செய்ய இயந்திரம் வாங்குவது பரிசீலனையில் இருப்பதாக அடுத்த ஆண்டறிக்கையில் போட்டோம். அந்த வருடக் கூட்டத்தில் பேசப் பதிவு செய்தவர்கள் பட்டியலில் அவர் பெயரைத் தேடினேன். இல்லை. போன் செய்து விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.