கஞ்சி போட்ட வலை

முயலை உட்கார்த்தியே வைத்தால் அதற்குக் கால் போய்விடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த இரண்டையும் ஒரு மரப்பெட்டிக்குள் நாலு மாதம் அடைத்து வைத்து, கீரையும் முள்ளங்கித் தழையுமாகக் கொட்டி, என்னைப் போல வளர்க்க யாரால் முடியும் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆந்திரா தனி மாநிலமான புதிது. சித்தூரில் என் வீட்டுக்காரரோடு ஒரே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவரைப் புதுத் தலைநகரமான கர்நூலுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் மனைவி கிளம்பும்போது தன் முயல்களை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நகரியில் எட்டுப் பேரும் இரண்டு தறியும் இருந்த வீட்டிலிருந்து, பகலெல்லாம் பேச ஆளில்லாத மாடி வீட்டுக்கு வந்தவள் நான். அந்த அமைதியில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. முயல்கள் வந்த பிறகுதான் அது எனக்கு வீடாயிற்று. யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவற்றிடம் சொல்லுவேன். காதும் பெரிய காது, திருப்பிப் பேசவும் பேசாது.

ஒரு நாள் வெள்ளை நடக்கும்போது வலது பின்னங்காலை இழுத்தது. முந்தானையில் சுற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். எருமைகளுக்கு நடுவில் முயலோடு நின்றவள் நான் ஒருத்திதான். கம்பவுண்டர் காலை நீட்டி மடக்கிப் பார்த்தார்.

"எலும்புக்கு ஒண்ணும் ஆவல. பெட்டியில குந்திக்கினே இருந்தா இப்படித்தாம்மா. தெனம் ரெண்டு வேளை நல்லா ஓடவுடு. இல்லன்னா இந்தக் காலு அவ்ளோதான்."

வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். தவறு என்னுடையது. அதனால் கோபம் முழுவதையும் வீட்டுக்காரர் மேல் காட்டினேன்.

வீட்டுக்குள் ஓடவிட்டால் வழவழவென்ற சிமெண்டுத் தரையில் கால் வழுக்கி இன்னும் மோசமாகியது. மிச்சமிருந்தது பால்கனி. தரை சொரசொரப்பு, காலை வெயிலும் உண்டு. ஆனால் கம்பிக்குக் கம்பி ஒரு சாண் இடைவெளி. கம்பிக்கு அந்தப்புறம் முழங்கால் ஆழத்தில் கீழ்வீட்டு வாசலுக்கு மேல் இறங்குகிற ஓட்டுச் சாய்ப்பு. சாய்ப்பு முடிந்தால் தெரு. தெருவில் வீட்டுச் சொந்தக்காரம்மாவின் நாய் எந்நேரமும் அண்ணாந்து பார்த்தபடி படுத்திருக்கும். நான் ஒரு பழைய புடவையைக் கம்பிகளில் கட்டிப் பார்த்தேன். கண் மூடித் திறப்பதற்குள் சாம்பல் அடியில் நுழைந்துவிட்டது. வாலைப் பிடித்து இழுக்கலாமென்றால் முயலுக்கு அதுவும் சரியாக இல்லை. எப்படியோ பிடித்து உள்ளே போட்டேன்.

"ஞாயித்துக்கெழம கோழிக்கூண்டுக் கம்பிவலை வாங்கியாந்து கட்டிடறேன்" என்றார் வீட்டுக்காரர்.

அதற்குள் நகரியிலிருந்து நைனா, என் அப்பா, வந்து சேர்ந்தார். என் நைனாவும் என் வீட்டுக்காரரும் ஒரே பாயில் உட்கார மாட்டார்கள். ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் எழுந்து நிற்பார். அவ்வளவு மரியாதை. இருவருக்கும் இருந்த பேச்சு ஒன்றே ஒன்றுதான். எந்த ஊர் எந்த மாநிலத்துக்கு என்று தமிழரும் தெலுங்கரும் வழக்காடிக்கொண்டிருந்த காலம். வீட்டுக்காரருக்கு ஆபீசில் கிராமப் பட்டியல்களை நகலெடுக்கும் வேலை.

"மாப்ளே, நகரி அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" என்பார் நைனா.

"இன்னும் முடிவாவல மாமா" என்பார் இவர்.

அத்தோடு இரண்டு பேரும் தெருவைப் பார்ப்பார்கள். அன்றைக்குக் கம்பிவலை விஷயம் காதில் விழுந்ததும் நைனா சிரித்தார். "ஒரு ஊருக்கு எல்லை போட முடியல ஒங்களால. முயலுக்குப் போடப் போறீங்களா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நெசவுக்காரன் பொண்ணு வூட்டுக்குக் கடையிலேர்ந்து வலையா? மானம் போவும். ஒரு வாரம் பொறுங்க."

மருமகன் மாமனாரை எதிர்த்துப் பேசுவாரா? தலையை ஆட்டிவிட்டார். அந்த ஒரு வாரமும் வெள்ளையின் கால் இன்னும் கொஞ்சம் இழுத்தது. நான் சோறு சரியாகத் தின்னவில்லை.

அடுத்த ஞாயிறு காலை நைனா வந்தார். முறுக்கேற்றிய நூலில் விரல் நுழையாத கண்ணாக, ஒரு முடிச்சு மற்றதற்கு இளைக்காமல், அத்தனை அழகான வலை. கம்பியோடு கம்பியாக இழுத்துக் கட்டினார். கட்டி முடித்ததும் என்னிடம் கேட்டது, கெட்டியாக ஒரு குண்டான் அரிசிக் கஞ்சி.

பாவு நூலைக் கஞ்சி போட்டு விறைப்பாக்காமல் தறியில் ஏற்றினால் அறுந்துபோகும். எங்கள் வீட்டில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் அது தெரியும். ஆகவே நைனா வலைக்கும் கஞ்சி போட்டார். தேங்காய் நாரில் தொட்டுத் தொட்டு, மேலிருந்து கீழாக, ஒரு இழை விடாமல். இழையோடு இழை ஒட்டாமலிருக்க ஒரு சொட்டு நல்லெண்ணெய் வேறு. நானும் பக்கத்தில் நின்று குண்டானைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் தோன்றவில்லை. கஞ்சி என்பது நூலுக்குப் போடுவது என்றே பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். அது சாப்பாடு என்பது இருவருக்குமே மறந்துபோயிற்று.

வெயிலில் வலை கம்பி போல விறைத்தது. சுண்டிப் பார்த்துவிட்டு, "யானை வந்தாலும் தாங்கும்" என்றார். முயல்களை விட்டோம். சாம்பல் இரண்டு சுற்றுச் சுற்றியது. வெள்ளை காலை இழுத்துக்கொண்டு நேராக வலைக்குப் போய் முகர்ந்தது.

"பாத்தியா, வேலப்பாட்ட பாக்குது" என்றார் நைனா.

அதைப் பார்க்கட்டும் என்று நாங்கள் உள்ளே சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டாம் சோறு போடும்போது கீழேயிருந்து சொந்தக்காரம்மாவின் குரல் தெருவைக் கிழித்தது.

"ஓ பாப்பா! மீ குந்தேலு ஓட்டு மேல நிக்குது! தொந்தரகா ரா!"

தெலுங்கில் குந்தேலு என்றால் முயல், தொந்தரகா ரா என்றால் சீக்கிரம் வா. எச்சில் கையோடு ஓடினோம். யானைக்கே தாங்கும் வலையில் என் தலை நுழைகிற அளவு ஓட்டை. சாம்பல் ஒரு நூலை வாயில் தொங்கவிட்டபடி, பந்தியில் மோருக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. வெள்ளை வெளியே, ஓட்டுச் சாய்ப்பின் நடுவில். கீழே நாய் குரைத்தது. வெள்ளை நடுங்கிக்கொண்டு விளிம்பை நோக்கி ஓர் அடி வைத்தது. நல்ல காலுள்ள முயலே திரும்பி ஏற யோசிக்கும் இடம் அது.

நைனாவின் முகம் செத்துப்போயிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக் கம்பியைத் தாண்டி ஓட்டின் மேல் காலை வைத்தார். படக்கென்று ஒரு ஓடு உடைந்தது.

"அய்யோ, நா பெங்கு!" என்று கீழே அலறினாள் சொந்தக்காரம்மா, தன் ஓட்டுக்காக.

நைனா சறுக்கினார். வீட்டுக்காரர் பாய்ந்து கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார். கிடைத்தது வேட்டி.

"மாப்ளே! வேட்டிய வுடுங்க, என்னப் புடிங்க!"

இவர் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து மாமனாரை இரண்டு கையாலும் இடுப்போடு கட்டிக்கொண்டார். ஒரு பாயில் உட்காராதவர்கள் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றார்கள். மருமகனின் சாம்பார்க் கை மாமனாரின் வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலாகப் பதிந்தது. நான் பயத்தில் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. தெருவில் கூட்டம் சேர்ந்து, முயல் எங்கே என்பதை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தது. நாங்களும் அப்படித்தான்.

"வெள்ளை எங்க?" என்று வீட்டுக்காரர் கேட்ட பிறகுதான் திரும்பினோம். அது பால்கனிக்குள், சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலையின் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தது.

எப்படி ஏறியது என்று ஒருவரும் பார்க்கவில்லை. தொங்கிய வலையைப் பற்றிக்கொண்டு ஏறியிருக்கும் என்றார் வீட்டுக்காரர். தாவித்தான் ஏறியது என்று நைனா சாதித்தார். எனக்கு நைனா சொன்னதை நம்ப ஆசை, நம்பத்தான் பயம். காலைத் தொட்டுப் பார்க்கப் போனால் இரண்டும் பெட்டிக்கு அடியில் ஒளிந்துகொண்டன.

"அதுக்குத் துன்றதுக்குப் பந்தி வெச்ச மாதிரி வெச்சிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார் நைனா. "கம்பிவலை எங்க விக்கறாங்க மாப்ளே?"

அன்று சாயங்காலமே இருவரும் சேர்ந்து போய் வாங்கி வந்தார்கள். சொந்தக்காரம்மாவுக்கு ஒரு புது ஓடும் வந்தது. நைனா கம்பிவலையின் ஓரத்தை உள்பக்கம் மடித்து, தரையோடு செங்கல் வைத்து அழுத்தினார். வீட்டுக்காரர் முறுக்குக் கம்பியால் கட்டினார். "இன்னும் இழுங்க, இன்னும்" என்று மாமனார் அதட்ட, "கை அறுக்குது மாமா, நீங்க வந்து இழுங்க" என்று மருமகன் எரிந்து விழ, எனக்கு அந்தச் சண்டையைக் கேட்கக் கேட்க இனித்தது.

மறுநாள் காலை வெயில் வந்ததும் முயல்களைத் திறந்துவிட்டோம். வெள்ளை புது வலையை முகர்ந்தது, பல்லை வைத்துப் பார்த்தது, சீ என்று விட்டுவிட்டது. பிறகு மெதுவாகச் சுவரோரம் போயிற்று. கால் இழுத்தது. மறுபடி போயிற்று. பத்தாவது பதினோராவது சுற்றில் சாம்பல் முந்தப் பார்க்க, இது ஓடியது. தினமும் காலையும் மாலையும் அப்படி ஓடியது. நான் எண்ணெய் காய்கிற வாணலியை விட்டுவிட்டு வந்து பார்ப்பேன். ஓடும்போது இழுக்கிறதா இல்லையா என்று என் கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. இழுக்காத மாதிரி இருக்கும், என் ஆசைதான் அப்படிக் காட்டுகிறதோ என்றும் இருக்கும்.

பதினைந்து நாள் போயிருக்கும். ஓட்டம் போதுமென்று பெட்டிக்குள் விட வெள்ளையைத் தூக்கினேன். அதற்கு வர இஷ்டமில்லை. என் கையில் துள்ளி, ஒரே உதை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளமாகக் கிழித்துவிட்டது. ரத்தம் முத்து முத்தாக வந்தது. வீட்டுக்காரர் பதறி மஞ்சள்தூளோடு ஓடிவந்தால், நான் பால்கனித் தரையில் உட்கார்ந்து கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

"இன்னா ஆச்சு ஒனக்கு?"

"வலது காலுங்க," என்றேன். "வலது காலாலதான் ஒதைச்சுது."