சால்வை போர்த்திய பிறகு

போன வருடம் முதியோர் ஞாயிறு அன்று, எழுபது வயது கடந்த எல்லாரையும் எங்கள் சபையில் முன்வரிசையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தினார்கள். "இவ்வளவு காலம் உழைச்சீங்க. இனி ஓய்வா இருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று ஆயர் அன்போடுதான் சொன்னார். ஆனால் தாம்பரத்தில் எங்கள் சபைக்காரர்களுக்குச் சால்வை என்றால் என்னவென்று தெரியும். போர்த்தப்பட்டவரின் வேலை அடுத்த வாரமே வேறொருவருக்குப் போய்விடும். பாடகர் குழுவிலும் அப்படித்தான், ஞாயிறு பள்ளியிலும் அப்படித்தான்.

பின் தெரு ஆன்ட்டி பல வருடங்களாக நோயாளிகளைச் சந்தித்து ஜெபித்து வந்தவர். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் கோயம்புத்தூரில். அவருக்கும் அன்று சால்வை போர்த்தினார்கள்; அந்தச் சந்திப்பு வேலை ஸ்கூட்டர் ஓட்டும் இளம் பெண்களிடம் போனது. "கர்த்தர் இன்னும் கூப்பிடலம்மா, சபைதான் அவசரப்பட்டு அனுப்பிடுச்சு" என்று எங்கள் வீட்டு கேட்டில் நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து என் மகள் ரயிலில் இருந்து விழுந்தாள். காட்டாங்குளத்தூரில் படிக்கிறாள். நகரத் தொடங்கிய வண்டியில் அவசரமாக ஏறியவளுக்குக் கால் வழுக்கியது. யாரோ ஒரு பெண் அவள் பையைப் பிடித்துப் பிளாட்பாரத்துக்கு இழுத்திருக்கிறார். மணிக்கட்டு எலும்பு முறிந்ததோடு போயிற்று. அந்தப் பெண் யாரென்று இன்றுவரை தெரியாது. அவருக்காக நான் ஜெபிக்காத நாள் இல்லை.

கட்டுப் பிரித்த பிறகும் என்னால் அவளைக் கல்லூரிக்கு அனுப்ப முடியவில்லை. இன்று மழை என்பேன், நாளை அனுப்புகிறேன் என்பேன். வருகைப் பதிவு குறைந்துகொண்டே போனது. பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்ற நிலை. "அம்மா, எனக்குக் கையில கட்டு போட்டாங்க. உனக்கு எங்க போடறது?" என்று கேட்டாள். கணவருக்கு ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை, எனக்குப் பள்ளி அலுவலகத்தில் வேலை. கூடப் போக ஆளில்லை.

ஆன்ட்டி வந்து, "நான் போறேன் அவகூட" என்றார்.

"உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி கஷ்டம்?"

"எது கஷ்டம்? வீட்டு டிவிக்கே என்னைப் பாத்து அலுத்துப் போச்சு."

"காலேஜுக்கு பாடிகார்டா?" என்று மகள் முனகினாள். ஒரே பெண்கள் பெட்டி, ஆனால் வேறு வேறு இருக்கை என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஆன்ட்டி சீசன் டிக்கெட் எடுத்தார். தினமும் அவள் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஃபோன் செய்து "இறங்கிட்டா" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அலுவலகத்தில் என்னால் மேசையில் உட்கார முடிந்தது.

ஒரு நாள் அந்த வார்த்தைக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"ஆன்ட்டி, ஸ்டேஷன்ல யாரு சோறு வடிக்கறாங்க?"

"சாயங்காலம் வந்து சொல்றேன்" என்று சிரித்தார்.

சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண்கள் பெட்டியில் பூ விற்கும் ஒரு பெண்ணின் கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். அவள் வியாபாரத்துக்கு வந்தால் அவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் ஆன்ட்டி பாதி வழியில் ஊரப்பாக்கத்திலேயே இறங்கி, அவருக்குக் கஞ்சி கொடுத்துக் கூட உட்கார்ந்திருக்கிறார். மகள் காட்டாங்குளத்தூரில் இறங்கி ஆன்ட்டிக்குச் சொல்வாள், ஆன்ட்டி எனக்குச் சொல்வார். வாரக்கணக்காக இப்படி. மகளும் உடந்தை.

"என்கிட்ட பொய் சொல்லிட்டீங்களே" என்றேன்.

"அவ இறங்கினது நிஜம்தானே. நான் எங்க இறங்கினேன்னு நீ கேக்கவே இல்லயே."

எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. ஆன்ட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் பக்கத்துல இருந்ததாலயா அவ பத்திரமா போனா? ட்ரெயின் ஆடினா நானே கம்பியைத் தேடறேன். காப்பாத்தறவர் நானில்லம்மா. உன் பயம் தீரட்டும்னு காத்திருந்தா அவளுக்குக் கல்யாணமே ஆயிடும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோவிச்சுக்கோ. ஆனா அவருக்குக் கஞ்சி குடுக்கற வேலையை மட்டும் வேணாம்னு சொல்லிடாத. எனக்குக் கிடைச்சது அது ஒண்ணுதான்" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. இத்தனை வாரமும் என் மகள் பாதி வழி தனியாகப் போய்த் தனியாக வந்திருக்கிறாள். நான் அறியாமலேயே அவளைக் கர்த்தர் கையில் விட்டிருக்கிறேன். அவரும் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறார்.

பயம் போய்விடவில்லை. இப்போதும் தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு வந்தால் மகளுக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்கிறேன். ஆனால் எங்கள் பள்ளியின் காலாண்டு விடுமுறையில், "அவரைத் திருப்பிப் படுக்க வைக்க ரெண்டு பேர் வேணும், வாயேன்" என்று ஆன்ட்டி கூப்பிட்டபோது போனேன். எனக்கும் ஐம்பத்திரண்டு ஆகிறது. மகள் படித்து முடித்துப் போன பிறகு நான் என்ன செய்வேன் என்ற கேள்வி எனக்குள்ளும் இருந்தது.

பூக்கார அம்மா கூடையோடு வாசலில் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "நீதானா அது? பயந்துகினே இருக்கிற அம்மா ஒண்ணு கீதுன்னு ஆயா சொல்லிச்சு" என்றாள்.

"உன் வீட்டுக்காரரை நாங்க பாத்துக்கறோம், நீ கிளம்பு. வண்டி போயிடும்" என்றார் ஆன்ட்டி.

உள்ளே அந்த மனிதரை ஒருக்களித்துத் தாங்கிப் பிடித்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தார். ஆன்ட்டி அவர் முதுகைத் துடைத்து, விரிப்பை மாற்றி, கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். அந்த மனிதர் கோணிய வாயால் ஏதோ சொன்னார். "டீ போடச் சொல்றார். விருந்தாளி வந்தா விடமாட்டார்" என்றார் ஆன்ட்டி.

பாதி டீ குடித்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். மகளின் வண்டி போய்ச் சேர்ந்து வெகு நேரமாகியிருந்தது. நான் அவளை நினைக்கக்கூட இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு மீதி டீயைக் குடித்தேன்.